காகிதத்தில் கோடு, துணியில் வாய்க்கால்: ஜென்டாங்கிள் வரைந்து மோலா முறையில் அடுக்குத் துணி தைக்க

துணியில் உருவம் காட்ட இரண்டு வழி உண்டு. உருவத்தைத் தனியே வெட்டி, அடித்துணியின் மேல் வைத்துத் தைப்பது ஒன்று. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்கும் கோயிலுக்கும் தைக்கும் தொம்பை, தேர்ச்சீலை எல்லாம் இந்த வகை. மற்றது இதற்கு நேர் எதிர். இரண்டு மூன்று நிறத் துணிகளை அடுக்கி, மேல்துணியைக் கோடு கோடாக வெட்டி, வெட்டிய விளிம்பை உள்ளே மடித்துத் தைப்பது. அடியில் இருக்கும் நிறம் கோடாக மேலே தெரியும். பனாமா நாட்டின் கரீபியக் கடலோரத் தீவுகளில், குனா யாலா பகுதியில் வாழும் குனா பெண்கள் ரவிக்கையின் முன்னும் பின்னும் வைக்கும் மோலா இப்படித்தான் உருவாகிறது. முன்பு உடம்பில் வண்ணத்தால் எழுதிக்கொண்ட கோலங்கள், வணிகர்கள் வழியாகத் துணி வரத் தொடங்கிய பிறகு ரவிக்கைக்கு இடம் மாறின. 1925இல் குனாக்கள் பனாமா அரசை எதிர்த்துக் கிளர்ந்ததற்கு, பெண்களின் உடையையும் அணிகலனையும் கைவிடச் சொல்லி நெருக்கியதும் ஒரு காரணம்.

அடுக்குத் துணிக்குக் கோடுதான் முதல். அந்தக் கோட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். படம் வரையத் தெரியாது என்பவர்களுக்கு ஜென்டாங்கிள் ஒரு நல்ல நுழைவாயில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் இருவரும் 2000களின் தொடக்கத்தில் வகுத்த முறை இது. சிறிய சதுர அட்டை, ஒரு கறுப்புப் பேனா, திரும்பத் திரும்ப இடும் எளிய வடிவங்கள். அழிப்பான் கிடையாது, மேல் கீழ் என்ற திசையும் கிடையாது. இரண்டையும் இணைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: காகிதத்தில் அழகாக இருக்கும் வரைவில் பெரும்பகுதி துணியில் வெட்டவே முடியாது. ஊசி பிடிக்கும் முன்பே, பேனா பிடிக்கும்போதே துணியின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்தக் கணக்கு

மேல்துணியில் ஒரு கோட்டை வெட்டி, இரு விளிம்பையும் 3 மி.மீ. உள்ளே மடித்தால் 6 மி.மீ. அகலத்தில் ஒரு வாய்க்கால் திறக்கும். இரண்டு வாய்க்கால்களுக்கு இடையில் நிற்கும் மேல்துணி வரப்பு. அந்த வரப்புக்கு அடியில் இரு பக்கத்திலிருந்தும் 3 மி.மீ. மடிப்பு வந்து உட்காரும். ஆகவே வரப்பு 6 மி.மீ.க்குக் குறைந்தால் மடிப்பின்மேல் மடிப்பு ஏறி முண்டு தட்டும். இஸ்திரி போட்டாலும் படியாது. 8 மி.மீ. வரப்பு என்றால் கை நிம்மதியாக வேலை செய்யும். இரண்டு அடுக்கு வேலையில் கோட்டின் நடுவிலிருந்து அடுத்த கோட்டின் நடுவுக்கு 14 மி.மீ. வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது.

மூன்று அடுக்கு என்றால் கணக்கு மாறுகிறது. பலரும் சறுக்குவது இங்கேதான். 6 மி.மீ. வாய்க்காலின் நடுவில் இரண்டாம் துணியையும் வெட்டி, இரு பக்கமும் 3 மி.மீ. மடித்தால் இரண்டாம் நிறம் முழுவதும் மேல்துணிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மூன்றாம் நிறம் மட்டுமே தெரியும். இரண்டும் தெரிய வேண்டுமானால் மேல்துணியின் திறப்பு 12 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல்துணியில் 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு கீற்றையே வெட்டி எடுத்துவிட்டு, பிறகு இரு விளிம்பையும் 3 மி.மீ. மடிக்க வேண்டும். அதன் நடுவில் இரண்டாம் துணியில் ஒரே ஒரு கோடு வெட்டி மடித்தால், நடுவில் மூன்றாம் நிறம் 6 மி.மீ., அதன் இரு கரையிலும் இரண்டாம் நிறம் 3 மி.மீ. தெரியும். இரண்டாம் துணியின் மடிப்பு மேல்துணி விளிம்போடு முடிந்துவிடும். மேல்துணியின் மடிப்போ அங்கிருந்து வெளிப்பக்கமாகத் தொடங்கும். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாததால் தடிப்பும் சீராக இருக்கும். 12 மி.மீ. வாய்க்கால், 8 மி.மீ. வரப்பு: கோட்டுக்குக் கோடு 2 செ.மீ.

காகிதத்தில் வரைந்ததை இரண்டு மடங்காகப் பெரிதாக்கப்போகிறோம். ஆகவே அட்டையில் கோட்டுக்குக் கோடு 1 செ.மீ. இடைவெளி. இதை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வரையத் தொடங்குங்கள்.

வரைதல்

ஜென்டாங்கிளின் அட்டை மூன்றரை அங்குலச் சதுரம், அதாவது 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. நமக்கு 9 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பெரிதாக்கும்போது கணக்கு எளிது. 200 ஜி.எஸ்.எம்.முக்கு மேற்பட்ட, சொரசொரப்பு அதிகமில்லாத தாள் போதும். வழக்கமாகப் பயன்படுவது பிக்மா மைக்ரான் 01 பேனா. அதன் கோடு கால் மி.மீ. தடிப்பு. துணிக்கான வரைவுக்கு 05 நல்லது. மெல்லிய பேனா கையில் இருந்தால் மெல்லிய விவரங்களைப் போடத்தான் கை போகும், அவை அத்தனையும் துணியில் வீண். கூடவே ஒரு பென்சில். கோடு இழுக்க அளவுகோல் தேவையில்லை.

நான்கு மூலையிலும் விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே பென்சிலால் நான்கு புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் சட்டகம். கோடு சற்று வளைந்தாலும் பரவாயில்லை. சட்டகத்துக்குள் பென்சிலாலேயே மேலிருந்து கீழாக, ஏறக்குறைய நடுவில், ஒரு ஓடை வளைவு இழுங்கள். ஜென்டாங்கிளில் இதை நூல் என்பார்கள். இடத்தைப் பிரிப்பதுதான் அதன் வேலை. பிறகு ஒவ்வொரு பகுதியிலும் பேனாவால் ஒரு வடிவத்தை நிரப்ப வேண்டும்.

இடப் பக்கத்துக்குப் பிறைநிலா என்று பொருள்படும் கிரசென்ட் மூன் வடிவம். சட்டகத்தின் இடக் கரை 8 செ.மீ. நீளம். அதை ஒட்டி 2 செ.மீ. விட்டமுள்ள அரைவட்டம் இரண்டு, ஒன்றின் மையம் மேலிருந்து 2 செ.மீ.யில், மற்றதன் மையம் 6 செ.மீ.யில். இரண்டையும் கறுப்பாக நிரப்புங்கள். அரைவட்டத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி, இரண்டையும் சுற்றி அலைபோல ஒரே கோடு. அதிலிருந்து மீண்டும் 1 செ.மீ. தள்ளி இன்னொரு அலை. இரண்டாவது அலை முதலாவதைவிடத் தட்டையாக வரும், வரட்டும். நூலின் வலப் பக்கத்தில் 1 செ.மீ. இடைவெளியில் வலக் கரையிலிருந்து நூல் வரை வரும் சரிந்த கோடுகள், ஆறேழு. முதல் வேலைக்கு இது போதும்.

அலைமேல் அலையாக விளிம்பைத் தொடர்ந்து போகும் இந்த வரிகள் மோலாவிலும் உண்டு. உருவத்தைச் சுற்றி அதே உருவம் விரிந்துகொண்டே போவது அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று. ஆகவே கிரசென்ட் மூன் துணிக்கு மாறும்போது எதையும் இழப்பதில்லை. ஒன்றன்கீழ் ஒன்று நுழையும் பட்டைகளான ஹாலிபாவும் ஓரளவு வரும், பட்டைகளை அகலமாகப் போட்டால். குட்டிக் குட்டி வட்டங்களாக நிரப்பும் டிப்பிள் வேண்டவே வேண்டாம். 5 மி.மீ. வட்டத்தை வெட்டி மடிப்பது அனுபவசாலிகளுக்கே எரிச்சலான வேலை. பென்சில் நிழல் கொடுத்து வடிவத்தை எழும்பவைப்பது ஜென்டாங்கிளின் ஒரு படி. துணிக்கு அது பயன்படாது, விட்டுவிடலாம்.

வேகம்தான் இதில் பயிற்சி. ஒரு கோட்டை எவ்வளவு மெதுவாக இழுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுங்கள். ஒரு மூச்சு விட்டு முடிக்கும் நேரத்தில் ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளலாம். பேனாவை அழுத்த வேண்டாம். முழங்கை மேசையில் படியட்டும். கையைத் திருப்புவதற்குப் பதில் அட்டையைத் திருப்புங்கள். அடுத்த வடிவம் என்ன என்று யோசித்தால் இப்போது இழுக்கும் கோடு நடுங்கும், அதைக் கோடே காட்டிக்கொடுக்கும். கோடு தவறினால் நிறுத்தாமல், அடுத்த கோட்டை அந்தத் தவறுக்கு இணையாகப் போட்டுவிடுங்கள். இரண்டு கோட்டில் அது வடிவத்தின் ஒரு வளைவாகிவிடும். இதை மனநோய்க்கு மருந்துபோல விற்பவர்களும் இருக்கிறார்கள். அது மருந்தல்ல. அரை மணி நேரம் கவனம் ஒரே இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த நிதானம் பழகாத கை பின்னால் கத்திரியோடு துணிக்குள் போகும்போது மாட்டிக்கொள்ளும்.

துணி, நூல், ஊசி

நெருக்கமாக நெய்த சன்ன பருத்திதான் வேண்டும். பாப்லின், கேம்பிரிக் இரண்டும் பொருத்தம். மல்மல் இழை பிரிந்துபோகும். காடா தடிப்பு. ரவிக்கைத் துணிக் கடையில் டூ-பை-டூ என்று கேட்டால் சில கடைகளில் பாலியஸ்டர் கலந்ததும் கிடைக்கும். அது நகத்தால் கீறினால் மடிப்பு நிற்காத துணி, இந்த வேலைக்கு ஆகாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் இரண்டு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிச் சின்ன மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது.

ஒவ்வொரு நிறத்திலும் 30 செ.மீ. வாங்குங்கள். தேவை 25 செ.மீ. சதுரம்தான், ஆனால் கடையில் கிழிப்பது கோணலாக வரும், நனைத்தால் சுருங்கவும் செய்யும். 90 செ.மீ. பன்னா என்றால் அதில் மூன்று சதுரம் கிடைக்கும், பயிற்சிக்கும் ஆகும். மேல்துணி அடர்நிறமாக இருக்கட்டும். வெளிர்நிற மேல்துணிக்கு அடியில் அடர்நிறம் இருந்தால் அது சாயலாகத் தெரியும், மடிப்புகளும் வரிவரியாகக் காட்டிக்கொடுக்கும். பல மோலாக்களில் மேல்துணி கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ இருப்பதைப் பார்க்கலாம். கருஞ்சிவப்பு மேலே, ஆரஞ்சு நடுவில், கறுப்பு அடியில் என்று தொடங்கினால் தவறாது. மஞ்சளும் பச்சையும் கலந்து பூப்போட்ட துணியை அடியில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 6 மி.மீ. வாய்க்காலில் பூ தெரியாது, திட்டுத்திட்டாக அழுக்குப்போலத்தான் தெரியும்.

மூன்றையும் தனித்தனியாக வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பை அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் மறுபடி அலசுங்கள். மூன்று அலசலுக்குப் பிறகும் ஒட்டினால் அந்தத் துணியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கிய துணியைக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, ஏற்கெனவே சாயம் போட்ட துணியில் அது எதையும் பிடித்து வைப்பதில்லை.

10 எண் கை ஊசி; அது சிரமமாக இருந்தால் 9. சாதாரணப் பருத்தித் தையல் நூல், மடிக்கும் துணியின் நிறத்திலேயே. மேல்துணிக்குக் கருஞ்சிவப்பு, இரண்டாம் துணிக்கு ஆரஞ்சு என இரண்டு உருண்டை. நூலை ஒரு முழத்துக்கு மேல் கோக்க வேண்டாம்; நீளமான நூல் துணிக்குள் போய்வந்து பஞ்சடித்து முடிச்சு விழும். கத்திரிதான் உண்மையான முதலீடு: 10 செ.மீ. நீளமுள்ள, முனைவரை வெட்டும் சிறு கத்திரி. அதைக் காகிதம் வெட்ட யாருக்கும் கொடுக்காதீர்கள்.

படியெடுத்து அடுக்குதல்

வரைவை ஜெராக்ஸ் கடையில் 200 சதவீதம் பெரிதாக்கினால் 18 செ.மீ. கிடைக்கும். அதில் ஒவ்வொரு கோட்டையும் இரட்டைக் கோடாக மாற்றுங்கள்: கோட்டின் இரு பக்கமும் 6 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று. இவைதான் மடிப்புக் கோடுகள். கறுப்பு அரைவட்டத்துக்கு அதன் வெளிக்கோடே மடிப்புக் கோடு. சட்டகத்தைத் தொடும் கோடுகள் எல்லாவற்றையும் 8 மி.மீ. முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்திலும் அப்படியே. இல்லையென்றால் வரப்பு இரு முனையிலும் அறுந்து, தனித்துண்டாகக் கையோடு வந்துவிடும்.

அடர்நிறத் துணியில் படியெடுக்க, தையல் கடையில் கிடைக்கும் மஞ்சள் அல்லது வெள்ளைக் கார்பன் தாளை நடுவில் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோட்டின்மேல் அழுத்தி எழுதலாம். அலுவலக நீலக் கார்பன் வேண்டாம், அந்தக் கறை போகாது. கார்பன் கிடைக்காவிட்டால் டெய்லர் சாக், அதுவும் இல்லாவிட்டால் காய்ந்த வெள்ளைச் சோப்புத் துண்டைக் கூராக்கி வரையுங்கள். இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாக்கள் சுலபமாகத் தோன்றும். ஆனால் அடர்நிறத்தில் அவை வெளிறிய தடம் விட்டுப்போகலாம்.

மேல்துணியையும் இரண்டாம் துணியையும் மட்டும் இப்போது அடுக்குங்கள். மூன்றாவது பிறகு வரட்டும். மூன்றையும் ஒன்றாக அடுக்கித் தொடங்கச் சொல்வோரும் உண்டு, ஆனால் புதுக் கை கத்திரியைச் சற்று ஆழமாக விட்டால் மூன்றும் ஒன்றாக வெட்டுப்படும். தவிர, ஊசி மூன்று துணியைத் துளைப்பதைவிட இரண்டைத் துளைப்பது எளிது.

இரண்டு துணியின் நேரிழையும் ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்று நேராகவும் ஒன்று குறுக்காகவும் இருந்தால் அலசிய பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்து, வேலை முறுக்கிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தற்காலிகத் தையல் போடுங்கள். 2 செ.மீ. நீளத் தையல், 4 செ.மீ. இடைவெளியில், வேறு நிற நூலில், முடிச்சு மேல்பக்கம் தெரியும்படி. முடிச்சு மேலே இருந்தால் பிறகு இழுத்தெடுக்கச் சிரமமில்லை. தையல்கள் வரப்பின் மேலேயே ஓடட்டும். மடிப்புக் கோட்டின்மேல் போட்டால், விளிம்பை மடிக்கும்போது அதுவே தடுக்கும்.

வெட்டுவதும் தைப்பதும்

வரைவு முழுவதையும் முதலிலேயே வெட்டிவிடுவதுதான் வேலையைக் கெடுக்கும் பெரிய தவறு. வெட்டிய விளிம்பு சும்மா கிடந்தால் இழை பிரியும், பிடிமானம் இல்லாத வரப்பு நகரும். 4 செ.மீ. வெட்டுங்கள், தையுங்கள், மறுபடி 4 செ.மீ. வெட்டுங்கள். சட்டகத்துக்குப் பக்கத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து வெளியே போனால், துணி சுருங்கினாலும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

இரட்டை மடிப்புக் கோட்டின் நடுவில் மேல்துணியை ஊசி முனையால் சற்றுக் கிள்ளித் தூக்குங்கள். அது இரண்டாம் துணியிலிருந்து பிரிந்து கூடாரம்போல எழும். அந்த முகட்டில் கத்திரி முனையால் ஒரு சிறு வெட்டு. அதன் வழியே கத்திரியின் கீழ்முனையை இரண்டு துணிக்கும் நடுவில் படுக்கையாக நுழைத்து, ஒவ்வொரு மடிப்புக் கோட்டிலிருந்தும் 3 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டிக்கொண்டு போங்கள். நடுவில் 6 மி.மீ. கீற்று கழன்று வரும். அதை எறிய வேண்டாம், சிறு திருத்தங்களுக்குப் பயன்படும்.

இப்போது ஒரு பக்கத்து விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியின் நடுப்பகுதியை விளிம்புக்கு அடியில் வைத்து, துடைப்பதுபோல ஒரே வீச்சில் உள்ளே தள்ளினால் 1 செ.மீ. அளவுக்கு மடிப்பு உருளும். இடக்கைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பிடியுங்கள். மடிப்பின் முகட்டில் ஓரிரண்டு இழை பிடிக்கும்படி ஊசியை மேலே கொண்டுவந்து, வெளியே வந்த இடத்துக்கு நேர் எதிரே இரண்டாம் துணியில் இறக்குங்கள். முன்னே சாய்த்து இறக்கினால் வழக்கமான ஹெம்மிங்போலச் சாய்ந்த நூல் வெளியே தெரியும். நேராக இறக்கினால் நூல் மடிப்புக்குள் ஒளிந்துவிடும். 2 மி.மீ.க்கு ஒரு தையல். வளைவில் இன்னும் நெருக்கமாக. நூலை இறுக்கி இழுக்காதீர்கள், நூல் துணியில் படிந்தவுடன் நிறுத்துங்கள்.

வளைந்த வாய்க்காலில் இரு கரையும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. வளைவின் வெளிப்புறக் கரையில், மடிக்கும்போது துணி விரிய வேண்டும், விரியாமல் முரண்டு பிடிக்கும். அங்கே 4 மி.மீ.க்கு ஒன்றாக விளிம்பில் சிறு வெட்டுகள் போட்டால் விரியும். வெட்டு மடிப்புக் கோட்டுக்கு 1 மி.மீ. முன்பே நிற்க வேண்டும், கோட்டைத் தொட்டால் அந்த இடத்தில் இழை எட்டிப்பார்க்கும். உட்புறக் கரையில் துணி மிஞ்சும். அங்கே வெட்டுத் தேவையில்லை, மடிப்பு அளவை 2 மி.மீ.யாகக் குறைத்தால் போதும். வளைவு கோணல் கோணலாக, மூலை மூலையாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் வெளிக்கரையில் வெட்டுகள் குறைவாக இருப்பது.

வாய்க்காலின் முனையைக் கூராக்க ஆசைப்படாதீர்கள். கீற்றை வெட்டி எடுத்த பிறகு, முனையின் இரு மூலையிலிருந்தும் வெளிப்பக்கமாகச் சாய்வாக 3 மி.மீ. வெட்டுப் போட்டால் ஒரு குட்டித் துண்டு மடங்கி, முனை சதுரமாக முடியும். அந்த மூலைகளில் மூன்று தையல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் போட வேண்டும், அங்கேதான் பிரிய வாய்ப்பு அதிகம்.

கை தவறி இரண்டாம் துணியிலும் வெட்டு விழுந்தால் பதற வேண்டாம். வெட்டு வாய்க்காலின் நடுவில் இருந்தால் விட்டுவிடுங்கள், எப்படியும் அங்கே பிறகு வெட்டத்தான் போகிறோம். ஓரத்தில் இருந்தால் அதே நிறத்துணித் துண்டு ஒன்றை அடியில் வைத்து, ஆரஞ்சு நூலால் சுற்றித் தைத்து மூடுங்கள். பசை வேண்டாம். பசை காய்ந்த இடத்தில் ஊசி இறங்காது.

மேல்துணி முழுவதும் முடிந்ததும் மூன்றாம் துணியை அடியில் வைத்து, அதே போலத் தற்காலிகத் தையல். பிறகு ஒவ்வொரு வாய்க்காலின் நடுவிலும் இரண்டாம் துணியில் ஒரே கோடு வெட்டி, இரு பக்கமும் 3 மி.மீ. மடித்து, ஆரஞ்சு நூலால் தையுங்கள். அரைவட்டங்கள் இப்போது 4 செ.மீ. அகலத் திறப்பாக இருக்கும். அதற்குள் ஆரஞ்சில் இன்னொரு சிறிய அரைவட்டத்தை விளிம்பிலிருந்து 8 மி.மீ. தள்ளித் திறந்தால் கறுப்பு பிறைக்குள் பிறையாகத் தெரியும். மேல்துணி வாய்க்கால் சில இடங்களில் 12 மி.மீ.க்குக் குறைவாக வந்திருக்கும். அந்த இடங்களில் இரண்டாம் துணியை வெட்டாமல் ஆரஞ்சாகவே விடுங்கள், யாருக்கும் தெரியாது.

எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வாய்க்கால்களின் மொத்த நீளம் 120 செ.மீ. என்றால், இரண்டு துணி, இரண்டு கரை என்று 480 செ.மீ. விளிம்பு. 2 மி.மீ.க்கு ஒரு தையல் என்றால் 2400 தையல். நிமிடத்துக்கு எட்டுத் தையல் என்றால் தையலுக்கு மட்டும் 5 மணி நேரம். வெட்டுவதும் மடிப்பதும் வேறு. ஒரே மூச்சில் செய்யும் வேலையல்ல. ஒரு முழ நூல் தீர்ந்ததும் எழுந்து தோளை உதறிவிட்டு வரலாம்.

வெறும் இடங்கள்

வரைவில் நூல் என்று இழுத்த ஓடை வளைவின் ஓரத்தில், மூலைகளில் 3 செ.மீ.க்கு மேல் அகலமான மேல்துணி சும்மா நிற்கும். அது தொய்ந்து காற்றுப் பிடித்த மாதிரி இருக்கும். குனா பெண்கள் இப்படிப்பட்ட இடங்களைச் சின்னஞ்சிறு நேர்வெட்டுகளை வரிசையாகத் திறந்து நிரப்புவார்கள். அது கை தேர்ந்த பிறகு. இப்போதைக்கு வங்காளத்துக் காந்தா வேலையைக் கடன் வாங்கலாம். பழைய சேலைகளை அடுக்கி, சாதாரண ரன்னிங் தையலாலேயே ஒன்றாக்கும் வேலை அது. எம்ப்ராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டை எடுத்து, வாய்க்காலின் கரையிலிருந்து 4 மி.மீ. தள்ளி, அதே வளைவில் மூன்று துணியையும் சேர்த்து ஓட்டுங்கள். மேலே 3 மி.மீ., கீழே 2 மி.மீ. அடுத்த வரி இன்னொரு 4 மி.மீ. தள்ளி. ஊசியில் நான்கைந்து தையலைச் சேர்த்து எடுத்து நூலை இழுத்த பிறகு, துணியை விரலால் நீவி விடுங்கள். நீவாவிட்டால் சுருக்கம் விழும். காந்தாவில் அந்தச் சுருக்கமே அழகு, ஆனால் பாதி இடத்தில் மட்டும் சுருங்கினால் சதுரம் சதுரமாக இருக்காது.

கோலத்தை வெட்டலாமா?

சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். வெட்டலாம், ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சிக்குக் கோலத்தில் கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைக்கிறது. கம்பியை வாய்க்காலாக வெட்டினால் ஒவ்வொரு புள்ளியும் எதனோடும் ஒட்டாத தீவாகிவிடும். வெட்டும் முன்பே ஒவ்வொரு தீவின் நடுவிலும் இரண்டு தற்காலிகத் தையல் போட்டு இரண்டாம் துணியோடு பிடித்துவைக்க வேண்டும். மறந்தால் எந்தத் துண்டு எந்தப் புள்ளியுடையது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். புள்ளிக்குப் புள்ளி துணியில் 4 செ.மீ. வையுங்கள். கம்பிகள் சாய்வாகப் போகும்போது அவற்றின் இடைவெளி 2.8 செ.மீ. ஆகும். இரண்டு அடுக்கு வேலையில் 2.2 செ.மீ. தீவும், மூன்று அடுக்கில் 1.6 செ.மீ. தீவும் கிடைக்கும். அதற்குக் குறைந்தால் மடிப்புக்கு இடமில்லை. 3க்கு 3 நேர்ப்புள்ளிக் கோலம் 18 செ.மீ.க்குள் அடங்கும். கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் நான்கு முனைகள் சந்திக்கும். அவற்றைக் கூராக விடாமல் சற்று மழுக்கினால் இழை பிரியாது.

முடிப்பு

தற்காலிகத் தையல்களைப் பிரித்து, கோட்டுத் தடம் போகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். மஞ்சள் கார்பன் தடம் போவதற்கு முன் இஸ்திரி போட்டால் அது துணியிலேயே தங்கிவிடலாம், ஆகவே முதலில் அலசல். அலசியதை முறுக்கிப் பிழியாமல், துவாலைக்குள் வைத்து உருட்டி ஈரத்தை எடுத்து, தட்டையாக உலர்த்துங்கள். பாதி ஈரத்தில் தடித்த துவாலையின்மேல் வேலையைக் குப்புற வைத்து, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போட வேண்டும். மேல்பக்கத்தில் போட்டால் மடிப்புகள் பளபளப்பாக நசுங்கி, வாய்க்கால் வரப்பு எல்லாம் ஒரே மட்டமாகிவிடும்.

ஓரத்தை இப்போதுதான் வெட்டிச் சதுரமாக்க வேண்டும். இவ்வளவு தைத்த பிறகு 25 செ.மீ. துணி அரை செ.மீ. முதல் 1 செ.மீ. வரை உள்வாங்கியிருக்கும். குஷன் உறைக்கோ பைக்கோ அளவு எடுத்து முன்னரே வெட்டியவர்களுக்கு இங்கே துணி போதாமல் போகும். பின்பக்கத்துக்கு லைனிங் கொடுங்கள், மூன்றாம் துணியின் பின்னால் தெரியும் நூல்கள் பையில் எதிலாவது மாட்டாமல் இருக்கும். சுவரில் மாட்டுவதானால் வெயில் நேராகப் படாத சுவர். சிவப்பு எளிதில் வெளுக்கும்.

விற்கும் எண்ணம் வந்தால் ஒன்று: குனாக்களின் உருவங்களை அப்படியே எடுத்து மோலா என்ற பெயரில் விற்க வேண்டாம். பனாமா 2000இல் பழங்குடிகளின் கூட்டுரிமைக்கென்றே 20ஆம் எண் சட்டம் இயற்றியிருக்கிறது, மோலாவும் அதன் பாதுகாப்பில் வருகிறது. வெட்டித் தைக்கும் முறையைப் பயன்படுத்துங்கள், உருவம் உங்கள் அட்டையில் நீங்கள் வரைந்ததாகவே இருக்கட்டும். சீட்டில் ‘அடுக்குத் துணி வெட்டு வேலை, கைத்தையல்’ என்று எழுதினால் போதும்.